பழைய பென்ஸ், பீஎம் பார்க்கப் போறவங்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் கண்டதும் பட்டதும்

கல்லடியான்:

எல்லாருக்கும் வணக்கம். டொயோட்டா பிறிமியோ ஒண்டு வாங்குவம் எண்டுதான் தேடத் தொடங்கினனான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினதுக்குப் பிறகு யப்பான் கார் விலை ஏறின ஏத்தத்தில, கிட்டத்தட்ட அதே காசுக்கு 2016, 2017 பென்ஸ் சீ கிளாஸும் பீஎம்டபிள்யூ த்ரீ சீரிஸும் கண்ணில படுது. 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்துவிட்டாங்கதான். ஆனா இப்ப இருக்கிற வரியோட புதுசா இறக்க நமக்கு வசதி இல்ல. அம்மாவைக் கிளினிக்குக்குக் கொழும்புக்குக் கூட்டிப் போய் வரவேணும். அவவுக்கு முதுகு வருத்தம், அவ்வளவு தூரம் உலுக்காம போற கார் வேணும்.

"அதெல்லாம் நமக்குச் சரிவராது" எண்டு ஒரு வரியில முடிச்சிராம, நீங்க கண்ட கார், அதில என்ன பார்த்தீங்க எண்டதை விவரமா எழுதினா பெரிய உதவி.

செங்கலடி கராஜ்:

தம்பி, கார் பாக்கப் போறவங்க எல்லாரும் கேக்கிறது, வெளிநாட்டில எத்தனை கிலோமீற்றர் ஓடினது, எப்பிடி வச்சிருந்தவங்க எண்டு. நான் முதல்ல கேக்கிறது வேற. 2020 தொடக்கம் 2025 வரைக்கும் இது யாரிட்ட இருந்தது, எங்க வேலை செய்தது, என்ன சாமான் போட்டது? அந்தக் காலத்தில டொலர் இல்ல, பார்ட்ஸ் வரத்து இல்ல, வந்ததும் ஆனை விலை குதிரை விலை. மாத்த வேண்டியதை மாத்தாம ஒட்டுப்போட்டு ஓட்டினாங்க. அவங்களைக் குறை சொல்ல ஏலாது, வேற வழி இருக்கல்ல. ஆனா அந்த ஒட்டெல்லாம் இப்ப பொலிஷுக்குக் கீழ இருக்கு.

வெள்ளைப் பென்ஸ் சீ 180 ஒண்டு வந்தது, டபிள்யூ 204 எண்ட பழைய மாதிரி, எம் 271 எஞ்சின். வாங்கப் போற பொடியன் சோதிச்சுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தவர். எஞ்சின் சூடா இருந்தது, சத்தம் ஒண்டும் இல்ல. "ராவைக்கு இங்கயே விட்டுட்டுப் போங்க மகன்" எண்டன். விடியக்காலம ஸ்டார்ட் பண்ணக்குள்ள முதல் ரெண்டு மூணு செக்கன் முன்பக்கத்தில கரகர எண்டு ஒரு சத்தம், மறுகா அடங்கிட்டுது. எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற டைமிங் செயின் நீண்டிருக்கு. அந்த எஞ்சினுக்குத் தெரிஞ்ச வருத்தம் அது. செயினோட கேம் பல்லும் தேஞ்சிருந்தா செலவு காரின்ட விலையில ஒரு பங்கு. பொடியன் அதை விட்டுட்டார்.

அதனால விடியக்காலம போங்க. போன உடனே பொனட்டில கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா அண்டைக்குப் பார்க்காதீங்க, இன்னொரு நாள் வாறன் எண்டு சொல்லிட்டு வாங்க. பீஎம்டபிள்யூவில 2007 தொடக்கம் வந்த என் 47 டீசலுக்கும் செயின் வருத்தம் இருக்கு. அதில செயின் கியர்பெட்டிப் பக்கம், வேலை செய்ய எஞ்சினையே இறக்க வேணும். பெற்றோலில என் 20 எண்டால் செயின் ஓடுற பிளாஸ்டிக் கைட் உடையும். நீங்க சொல்லுற வருசத்து 318ஐ எண்டால் அது பி 38, மூணு சிலிண்டர், 1.5 லீற்றர். எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போடுறதால நம்ம நாட்டில அது நிறைய இருக்கு. மூணு சிலிண்டர் எண்டதால நிக்கக்குள்ள மெல்லிய அதிர்வு இருக்கும், அதுக்குப் பயப்பட வேணாம்.

அடுத்தது தண்ணி. எஞ்சின் ஆறினபிறகு கூலன்ட் தாங்கியைத் திறந்து பாருங்க. கலர் இல்லாம வெறும் தண்ணி, இல்லாட்டி துருப்பிடிச்ச மண் கலர் எண்டால் அந்தக் கார் கஷ்டப்பட்டிருக்கு. இந்தக் கார்களில எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்திற தெர்மோஸ்டாட்டின்ட கூடு, பைப் இணைப்பு, தாங்கி எல்லாம் பிளாஸ்டிக். நம்ம வெயிலுக்கு அது வெடிச்சுப் போகும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு நேரா பைப்பைப் போட்டு ஓடின காரையும் பார்த்திருக்கன், பசை வச்சு ஒட்டின தாங்கியையும் பார்த்திருக்கன். ஒருக்காச் சூடாகிச் சிலிண்டர் தலை வளைஞ்ச கார் எண்டால் வேணவே வேணாம்.

ஸ்கேன் போட்டுப் பாருங்க எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. எஞ்சினை மட்டும் வாசிக்கிற சின்ன மெஷினால பிரயோசனம் இல்ல. கியர், ஏபிஎஸ், ஏர்பேக், சஸ்பென்ஷன் எல்லாத்தையும் வாசிக்கிறது வேணும். இன்னொண்டு கவனியுங்க. பிழை ஒண்டும் இல்ல எண்டு சுத்தமா காட்டினாலும், மெஷினில 'ரெடினஸ்' பகுதியைத் திறந்து பாருங்க. அங்க கார் தன்னைத்தானே செய்யிற பல சோதனை முடியல்ல எண்டு காட்டினா, உங்களுக்குக் காட்டத்தான் கொஞ்ச நேரத்துக்கு முதல் பிழைப் பதிவை அழிச்சிருக்காங்க, இல்லாட்டி பற்றரியைக் கழட்டியிருக்காங்க. பல நாள் ஓடின காரில அது முடிஞ்சிருக்கும்.

சாவி போட்டவுடன ஏர்பேக் லைட் பத்தி மறுகா அணையவேணும். பத்தவே இல்ல எண்டால் யாரோ அதை மூடியிருக்காங்க. இது உயிர் விஷயம்.

காத்தான்குடி மச்சான்:

கராஜ் நானா சொன்னதுக்கு மேல ஒண்டு சொல்லுறன். வெள்ளம்.

கொழும்புக்கு வெளிய ஒரு இடத்தில பீஎம்டபிள்யூ 520டி ஒண்டு பாக்கப் போனன். விலை மற்ற இடத்தை விடக் குறைவு, உள்ளுக்கு வாசம் தூக்கலா இருந்தது. அந்த வாசம்தான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. சீற் பெல்ட்டை முழுசா கடைசி வரைக்கும் இழுத்தன். அடியில ஒரு சாண் நீளத்துக்கு மண்ணிறக் கோடு. பெல்ட்டின்ட அடிப்பகுதியைக் கழுவ ஒருத்தருக்கும் ஞாபகம் வாறல்ல. மறுகா சீற்றை முன்னுக்குத் தள்ளித் தண்டவாளத்தின்ட போல்ட்டைப் பார்த்தன், துரு. டிக்கியில பற்றரி இருக்கிற குழிக்குள்ள கை விட்டன், பொடி மணல். வீட்டுக்காரர் ஒண்டும் பேசல்ல. நானும் ஒண்டும் பேசாம வந்திட்டன்.

2016 மே மாசம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, கடுவெலைப் பக்கமெல்லாம் மூழ்கினது. 2025 நவம்பரில டித்வா புயலோட வந்த வெள்ளத்தில எத்தனை வண்டி போச்சுதோ. அந்தக் கார்கள் அந்த ஊரில விலைப்படாது, தூர ஊருக்குத்தான் வரும். நம்ம பக்கம் மட்டும் என்ன? ஒவ்வொரு மாரியிலயும் நம்ம ஒழுங்கைகளில முழங்கால் தண்ணி. இந்த ஜேர்மன் கார்களில கம்ப்யூட்டர் பெட்டிகளும் வயர்க் கட்டும் சீற்றுக்குக் கீழயும் டிக்கித் தரையிலயும் இருக்கு. தண்ணி வத்தினபிறகு நல்லா ஓடும், ஆறு மாசம் ஒரு வருசத்தில ஒவ்வொண்டா சாகும். கார்ப்பெற்றைத் தூக்கிப் பாக்க விடாதவரிட்ட வாங்க வேணாம்.

கல்முனை லீசிங்:

நான் இந்தத் தொழிலிலேயே இருக்கிறதால காரைவிடப் புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றிதழைத்தான் கூடப் பார்க்கிறேன். எஞ்சின் பழுதை எப்படியாவது திருத்தலாம். பேப்பர் பழுதானால் முழுக் காசும் போய்விடும்.

பதிவுச் சான்றிதழில் 'முழுமையான உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதமும் பெயர் நீக்கிய புத்தகமும் கையில் வரும்வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள். "கட்டி முடிஞ்சுது, கடிதம் அடுத்த கிழமை" என்று சொல்லும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சிலர் உண்மையாகவே முடித்திருப்பார்கள். அதற்காக நாங்கள் காசோடு காத்திருக்கத் தேவையில்லை.

ஓப்பன் பேப்பர் வேண்டவே வேண்டாம். கையொப்பமிட்ட எம்டிஏ 6 என்ற உரிமை மாற்றப் படிவம் மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும், புத்தகத்தில் உள்ளவர் வெளிநாட்டில் இருப்பார், இல்லாவிட்டால் மௌத்தாகியிருப்பார். உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு சாய்ந்தமருது குடும்பம் இப்படி வந்த பென்ஸ் ஒன்றுக்கு எங்களிடம் லீசிங் கேட்டு வந்தது. புத்தகத்தில் உள்ளவரைத் தேடிப் பிடிக்கச் சொன்னோம், பிடிக்க முடியவில்லை. நாங்கள் கடன் கொடுக்கவில்லை. அவர்களும் வாங்கவில்லை, நல்லவேளை.

சொகுசுக் கார்களில் இன்னொரு ஆபத்து, தீர்வை கட்டாமல் போலி ஆவணத்தில் பதிவான வண்டிகள். அப்படியானதைச் சுங்கம் பிடித்தால் கடைசியாக வைத்திருப்பவர்தான் அலைய வேண்டும். திணைக்களத்தில் கட்டணம் கட்டி வாகன விபரத்தை எடுங்கள். சேசிஸ் இலக்கத்தைப் புத்தகத்தோடு மட்டுமல்ல, கண்ணாடிக்குக் கீழே உள்ளது, பொனட்டுக்குள் தகட்டில் குத்தியுள்ளது இரண்டோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். குத்திய இடத்தைச் சுற்றிப் பெயின்ட் வித்தியாசமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பெர்மிட்டில், அதாவது வரிச் சலுகையில் இறக்கிய வண்டியென்றால் பெயர் மாற்றத் தடை ஏதும் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி – லண்டன்:

இங்கிலாந்திலிருந்து வந்த கார் என்றால் என் பங்குக்கு. "எம்ஓடி சரித்திரம் எடுத்துப் பார்" என்று பலர் சொல்லுவினம். இங்க எம்ஓடி என்ற வருடாந்தத் தகுதிச் சோதனை காருக்கு மூன்று வயதானபிறகுதான் தொடங்கும். இலங்கைக்கு வயது குறைந்த கார்தான் இறக்கலாம் என்பதால், அங்க வந்த பலதுக்கு எம்ஓடியே இருக்காது. அதனால ஏமாற்று என்று அர்த்தம் இல்ல. சேவைப் பதிவைத்தான் கேட்கவேணும். இப்ப அது புத்தகமாக இல்லாமல் கம்பனிக் கணினியில இருக்கும், சேசிஸ் இலக்கம் கொடுத்துக் கேட்கலாம். தூரம் மைலில எழுதியிருக்கும், 30,000 மைல் என்றால் 48,000 கிலோமீற்றர். மறக்காமல் பெருக்குங்கோ.

இங்க மாரியில வீதிக்கு உப்புப் போடுவாங்கள். ஒரு மாமாவின்ர மகன் ஊரில வாங்கவிருந்த காரை ஜாக்கில தூக்கி வீடியோ அனுப்பினார். பிறேக் குழாயும் சஸ்பென்ஷன் கையும் துருவேறி உரிஞ்சு கிடந்தது. அதுக்குமேல நம்ம கடற்கரை உப்புக்காத்தும் சேர்ந்தால்? கீழ் பக்கத்தைப் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

யப்பான் கார், டொயோட்டா கிறவுன் மாதிரி எடுப்பவர்கள், அங்க ஏலத்தில காரின்ர நிலையை எழுதின ஏலத் தாளைச் சேசிஸ் இலக்கத்தை வைத்து வரவழைக்கலாம். தரம் 4, 4.5 என்றால் நல்லது. ஆர் என்று இருந்தால் விபத்தில் திருத்தியது.

இன்னுமொன்று, டகாட்டா என்ற யப்பான் கம்பனியின்ர ஏர்பேக். பழைய த்ரீ சீரிஸ், பழைய சீ கிளாஸ், யப்பான் கார்கள் என்று உலகம் முழுக்கத் திருப்பி அழைத்தார்கள். அந்த ஏர்பேக்கை ஊதவைக்கிற இன்ஃப்ளேட்டரின் மருந்து வெக்கையும் ஈரப்பதனும் சேர்ந்தால்தான் கெட்டுப்போகும். விபத்தில வெடிக்கும்போது இரும்புத் துண்டு முகத்துக்கு வரும். மட்டக்களப்பில வெக்கையும் ஈரமும் இரண்டும் இருக்கு. சேசிஸ் இலக்கம் கொடுத்து அது மாற்றப்பட்டதா என்று கேட்காமல் குடும்பத்தை ஏற்றாதேயுங்கோ. 520டி பார்க்கிறவர்கள் 2018இல் ஈஜிஆர் கூலருக்காக (எஞ்சினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிராக்கிற பகுதி) திருப்பி அழைத்ததையும் கேட்கவேணும். தென் கொரியாவில பல கார் எரிந்தது அதனாலதான்.

நிந்தவூர்:

டயர். பீஎம்டபிள்யூவில பெரும்பாலும் ஸ்பெயார் வீல் இருக்காது, காத்துப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரன்பிளாட் டயர். பக்கவாட்டில கொப்புளம் இருக்கா பாருங்க. டயரின்ட பக்கத்தில DOT எண்டு தொடங்கிற குறியின்ட கடைசி நாலு இலக்கம் செய்த வாரமும் வருசமும், 1819 எண்டால் 2019இல் 18ஆம் கிழமை. நாலும் நாலு பிராண்ட் எண்டால் அந்த ஆள் மற்றதையும் அப்பிடித்தான் பார்த்திருப்பார்.

சம்மாந்துறை 530ஈ:

நான் பீஎம்டபிள்யூ 530ஈ எண்ட பிளக் இன் ஹைபிரிட், அதாவது பெற்றோலோட, பிளக்கில சார்ஜ் போட்டு மின்சாரத்திலயும் ஓடுற கார் வச்சிருக்கிறன், அதைப் பத்தி யாரும் சொல்லாததால எழுதுறன். வாங்கமுதல் ராவு முழுக்க சார்ஜ் போடச் சொல்லி, விடியப் போய் மின்சாரத்தில மட்டும் ஓடிப் பார்த்தன். 9.2 கிலோவாட் மணி பற்றரி அது. முழு சார்ஜில எத்தனை கிலோமீற்றர் எண்டு உண்மையா ஓடிப் பார்க்காம அதைத் தீர்மானிக்க ஏலாது. திரையில காட்டுற கணக்கை நம்ப வேணாம். 2022இல் பெற்றோலுக்குக் கியூவில நிண்ட காலத்தில மாசக்கணக்கா சும்மா நிண்ட ஹைபிரிட்கள் நிறைய. நிண்ட காரின்ட பற்றரி ஓடின காரை விட மோசமா இருக்கலாம்.

ஓட்டிப் பாக்கிறது கட்டாயம். நம்ம ஊர் சமதரை, அதில ஒரு வருத்தமும் தெரியாது. நான் கண்டியிலிருந்து மகியங்கனைப் பதினெட்டு வளைவு இறங்கி ஏறினன், ஏசி முழுசா போட்டுக்கொண்டு. சூட்டு முள், கியர் மாறுற விதம், பிறேக் அதிர்வு எல்லாம் அங்க தெரிஞ்சுது. கியர் எண்ணெய் வாழ்நாள் முழுக்க மாத்தத் தேவையில்ல எண்டு சொல்லுவாங்க. த்ரீ சீரிஸ், ஃபைவ் சீரிஸில வாற எட்டு கியர் பெட்டி செய்யிற இசட்எஃப் கம்பனியே 80,000 கிலோமீற்றருக்கும் 1,20,000 கிலோமீற்றருக்கும் இடையில மாத்தச் சொல்லுது. மாத்தின பில் இருக்கா எண்டு கேளுங்க.

இங்க ஏஜென்ட் கராஜ் இல்ல எண்டதை நல்லா யோசிங்க. நடுவழியில நிண்டா காரியரில ஏத்திக் கொழும்புக்கு அனுப்பவேணும். வாங்கிற காசோட அஞ்சில ஒரு பங்காவது தனியா வச்சிட்டு வாங்குங்க எண்டுதான் என்ட கூட்டாளிகளுக்குச் சொல்லுறன். எனக்கு இந்தக் காரில நல்ல திருப்தி. அம்மாட முதுகுக்கு நல்லது எண்டு நீங்க நினைச்சது சரி, கல்லடியான்.

கல்லடியான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கொழும்புப் பக்கம் மாலபேயில ஒரு 318ஐ பேசியிருக்கன், 2017. புத்தகத்தில வைத்திருப்பவரின்ட சொந்தப் பெயர், லீசிங் இல்ல. 2021இல் கூலன்ட் தாங்கியும் தெர்மோஸ்டாட்டும் மாத்தின பில் இருக்காம். சனிக்கிழமை விடிய ஏழு மணிக்கு வாறன், அதுக்கு முதல் ஸ்டார்ட் பண்ண வேணாம் எண்டு சொல்லியிருக்கன். சரியெண்டிட்டார்.

செங்கலடி கராஜ்:

சரியெண்டவர் நல்ல மனுசனா இருக்கலாம். சேசிஸ் இலக்கத்தின்ட கடைசி ஏழு எழுத்தை இண்டைக்கே வாங்கி எனக்கு அனுப்புங்க, எந்த மாசம் செய்தது, என்ன என்ன சாமானோட வந்தது எண்டு எடுத்துத் தாறன். ரெண்டு சாவியும் இருக்கா எண்டு கேளுங்க. அந்தத் தெர்மோஸ்டாட் பில்லில கிலோமீற்றர் எழுதியிருந்தா அதையும் படம் பிடிச்சு அனுப்புங்க, இப்ப மீற்றர் காட்டுறதோட வச்சுப் பாப்பம்.