பால் பைத்தான் முட்டை: தாயிடமே விடுவதா, பெட்டிக்கு மாற்றுவதா?

செம்மண்:
சென்னை. பெண் பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு), 1,900 கிராம், பரிவேஷ் (வெளிநாட்டு விலங்கு வளர்ப்பைப் பதியும் அரசு இணையதளம்) பதிவு இருக்கிறது. முட்டைக்கு முந்தைய சட்டையை உரித்துவிட்டது. கூண்டின் சூடான பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 27. தாயையே அடைகாக்க விடலாமா, இன்குபேட்டர் (சூடு கொடுத்து முட்டையைப் பொரிக்க வைக்கும் பெட்டி) தேவையா?

புற்றுவாசி:
தாயிடமே விடுங்கள். கானா, டோகோ, பெனின் பக்கம் இந்தப் பாம்பு எலி வளையிலும் கரையான் புற்றிலும் முட்டையிட்டு, குஞ்சு பொரியும்வரை இறுக்கிச் சுற்றிக்கொண்டே கிடக்கும். அந்தச் சுருளின் முதல் வேலை ஈரத்தைக் காப்பது. கோழி முட்டை மாதிரி கெட்டியான ஓடு கிடையாது, தோல் ஓடு. திறந்து கிடந்தால் தண்ணீர் சீக்கிரம் போய்விடும். சுருண்டால் உடம்பு நான்கு பக்கமும் சுவரில் படுகிற அளவு பெட்டி, அடியில் பிழிந்தெடுத்த ஸ்பாக்னம் பாசி, ஒரே ஒரு வாசல். அவ்வளவு போதும்.

வெர்மிபெட்டி:
போதாதுங்க. காட்டு வளையில சூடு சீரா இருக்கும், உங்க கூண்டுல அப்படி இருக்காது. பர்மியப் பைத்தானும் நம்ம ஊர் மலைப்பாம்பும் அடையில இருக்கும்போது தசையைத் துடிக்க வச்சு சூடு உண்டாக்கும். பால் பைத்தானுக்கு அப்படிச் சொல்லும்படியா சூடு வராது. தரை 27னா முட்டையும் 27தான். முட்டைக்கு வேணும்கிறது 31.5. அதுல 55லிருந்து 60 நாள்ல பொரியும். 29ல இழுத்துக்கிட்டே போகும். 33ஐத் தாண்டிப் பல நாள் இருந்தா முதுகெலும்பு கோணின குட்டிதான் வரும்.

புற்றுவாசி:
33 பற்றிச் சொன்னது சரி. ஆனால் இன்குபேட்டர் சூடேற்றும், குளிர்விக்காது. சித்திரை, வைகாசியில் மாடி அறை 35 போகும்போது தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

வெர்மிபெட்டி:
அறை 35னா தாயோட கூண்டும் 35தானே? அது ரெண்டு முறைக்கும் பொதுவான தொல்லை. தரைத்தளத்துல வெளிச்சுவர் இல்லாத அறை, இல்லன்னா 27ல ஏசி. அதுக்கப்புறம்தான் பெட்டி.

பெட்டிக்குப் பெரிய செலவு இல்லை. ஐஸ் போட்டு மீன் வர்ற கெட்டித் தெர்மாகோல் பெட்டி, ஹீட் கேபிள், சுவிட்ச் மாதிரி 'ஆன்-ஆஃப்' அடிக்காம மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட், சின்ன கம்ப்யூட்டர் ஃபேன். அடியில தண்ணி நிரப்பின ஒரு லிட்டர் பாட்டில் ஆறு. கரண்ட் போனா சூடு இறங்குறதையும், கோளாறாகி ஏறுறதையும் அது தாமதப்படுத்தும். சில மணி நேரம் 26க்கு இறங்கினாப் பரவாயில்லை. அதே சில மணி நேரம் 36ல இருந்தா முட்டை செத்துரலாம். சென்சாரைப் பெட்டிச் சுவர்ல ஒட்டாதீங்க, முட்டை டப்பாவுக்குள்ள முட்டை உயரத்துல வைங்க. முட்டை வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஓட விடுங்க.

புற்றுவாசி:
டப்பாவுக்குள் என்ன போடச் சொல்கிறீர்கள்? இன்குபேட்டர்காரர்கள் முட்டையை இழப்பது பெரும்பாலும் அங்கேதான். வெர்மிகுலைட்டை (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) சேறு மாதிரி நனைத்துவிடுகிறார்கள். முட்டை தண்ணீரை இழுத்துப் புடைக்கிறது, அடிப்பக்கம் பழுப்பாகிறது, கரு மூச்சு முட்டிச் சாகிறது.

வெர்மிபெட்டி:
எடைக்கு எடைதான் கணக்கு: 300 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 300 கிராம் தண்ணி. கையில பிழிஞ்சா ரெண்டு சொட்டுக்கு மேல விழக்கூடாது. நர்சரிக் கடையில கிடைக்கும், உரம் கலந்ததை மட்டும் வாங்காதீங்க. அதைவிட எனக்குப் பிடிச்சது வலைத்தட்டு முறை: கீழே தண்ணி, மேல பிளாஸ்டிக் கட்டத்தட்டு, அதுல முட்டை. ஓடு தண்ணியைத் தொடவே தொடாது. மூடியில வேர்க்கிற சொட்டு முட்டை மேல விழாம மூடியைச் சாய்வா வைங்க, வாரம் ஒருமுறை திறந்து காத்து மாத்துங்க.

கருவிளக்கு:
மாற்றுவதாக இருந்தால் இட்ட முதல் நாளே மாற்றுங்கள். தாயின் தலையைத் துணியால் மூடி, வால் பக்கமிருந்து சுருளைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் குறி போட்டு, அந்தக் குறி கடைசிவரை மேலேயே இருக்கணும். கோழி முட்டைக்குள் மஞ்சள்கருவைத் தாங்குகிற முறுக்குக் கயிறு இதில் இல்லை. கரு மேல்பக்க ஓட்டோடு ஒட்டிக்கொள்கிறது; புரட்டினால் மஞ்சள்கரு அதை அமுக்கிவிடும். ஒட்டிய முட்டைகளைப் பிய்க்காதீர்கள், கொத்தாகவே வையுங்கள். இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தால் நல்ல முட்டையில் சிவப்பு நரம்பு வலை தெரியும். மஞ்சளாக மட்டும் தெரிந்தால் கூமுட்டை. அது பூசணம் பிடித்தாலும் பக்கத்து நல்ல முட்டையைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

முதல் மாதத்தில் ஓடு குழிந்தால் ஈரம் போதவில்லை. கடைசி இரண்டு வாரத்தில் குழிவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள்.

செம்மண்:
அப்படியென்றால் தாய் முறை எனக்கு ஒத்துவராதா?

புற்றுவாசி:
வரும். சுருள் உட்காரும் தரையில் வெப்பமானி வைத்து ஒரு முழு நாள் பாருங்கள். குறைந்தது 30, கூடியது 32 என்று நின்றால் விடலாம். உங்கள் பாம்பு 1,900 கிராம், தாங்கும். 1,500க்குக் கீழே இருந்தால் நானே வேண்டாம் என்பேன். முட்டையிட்டு இளைத்த உடம்பு, அடை முடியும்வரை பெரும்பாலும் இரை எடுக்காது.

வெர்மிபெட்டி:
அந்த ரெண்டு மாசம் அது பட்டினி கிடக்குறதுதான் என் ஆட்சேபம். முட்டையை எடுத்துட்டு, தாயை வெதுவெதுப்பான தண்ணில கழுவி, கூண்டுல விரிப்பை மாத்திட்டா முட்டை வாசனை போயிரும், சீக்கிரமே இரை எடுக்கும். வாசனை இருந்தா வெறும் இடத்தைச் சுத்திக்கிட்டுக் கிடக்கும். குட்டி பிறந்ததைப் பதிவுல தெரிவிக்கிறதையும் மறந்துராதீங்க.

செம்மண்:
முதல் குட்டி மூக்கை நீட்டியதும் மற்ற முட்டைகளை வெட்டித் திறக்கணுமா?

புற்றுவாசி:
வேண்டாம். ஓட்டைக் கீறியபின் ஒரு நாள், இரண்டு நாள் உள்ளேயே இருந்து மஞ்சள்கருவை உறிஞ்சும். அவசரப்படுவது நாம்தான்.

வெர்மிபெட்டி:
முதல் கீறல் விழுந்து முழுசா ஒரு நாள் ஆகியும் மத்த முட்டையில அசைவே இல்லன்னா, உச்சியில நரம்பு இல்லாத இடமா டார்ச் வச்சுப் பார்த்து, நகக்கண் அளவு மட்டும் திறங்க. கீற முடியாம உள்ளேயே மூழ்கிச் சாகிற குட்டி உண்டு. திறந்தாலும் குட்டியை இழுக்கக்கூடாது, தானா வரணும். வயித்துல மஞ்சள்கரு தொங்கிக்கிட்டே வெளிய வந்துட்டா அதை அறுக்காதீங்க. ஈரமான டிஷ்யூ விரிச்ச சின்ன டப்பாவுல, அதே 31.5 டிகிரில, ஒட்டிக் காயாம விட்டா உள்ள இழுத்துக்கும்.