மாருதி 800 எஞ்சினை வீட்டில் இறக்க எந்த ஜாக்?

கேள்வி: வணக்கம். என் மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே கழற்ற எண்ணியுள்ளேன். கையிலுள்ள 2 டன் பாட்டில் ஜாக்கால் அடியிலிருந்து தாங்கி இறக்க முடியுமா?

பதில் 1: தயவுசெய்து வேண்டாம். பாட்டில் ஜாக்கின் தலை ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே என்பதால், எஞ்சின் அதன்மேல் நிலைகொள்ளாமல் சாய்வதோடு, ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மெல்லிய தகடும் நசுங்கிவிடும்; எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

பதில் 2: மூன்று சிலிண்டர் எஞ்சின்தானே, பானட்டைக் கழற்றிவிட்டு 1 டன் செயின் பிளாக்கால் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) மேல்வழியாகத் தூக்குங்கள். செயின் பிளாக்கை வீட்டு உத்தரத்தில் மாட்டாமல், உறுதியான இரும்பு முக்காலியில் மாட்டுங்கள். ட்ராலி ஜாக் (சக்கரம் வைத்த தாழ்வான ஜாக்) கியர்பாக்ஸைத் தாங்க மட்டுமே. இடையே மரப்பலகை அவசியம்.

கேட்டவர்: மிக்க நன்றி. முக்காலியை வாடகைக்கு எடுக்கிறேன்.

பதில் 2: தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.