'லைவ் ஆல்பம்': நேரலையா, நிகழ்பதிவா, கச்சேரிப்பதிவா?

வணக்கம்.

சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) இசை பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கும் பணியில் 'லைவ் ஆல்பம்' (கூட்டத்தின் முன் பாடியதைப் பதிந்த தொகுப்பு) என்ற சொல்தான் இழுபறி. இப்போதைக்கு 'நேரலைத் தொகுப்பு' என்று போட்டிருக்கிறது. முதல் கட்டுரை சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'லைவ் அட் தி அப்பல்லோ' பற்றி. நியூயார்க்கின் ஹார்லெமில், அப்பல்லோ தியேட்டரில் 1962 அக்டோபர் 24 அன்று பதிவாகி, 1963 மே மாதம் கிங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

---

> இப்போதைக்கு 'நேரலைத் தொகுப்பு'

ஐயா, நேரலை வேண்டாம். நடக்கும்போதே நம்மிடம் வந்து சேர்வது நேரலை. கிரிக்கெட்டுக்கும் தேர்தல் முடிவுக்கும் அது பொருந்தும். அந்த இசைத்தட்டு கடைக்கு வந்ததே ஏழு மாதம் கழித்து.

என் பரிந்துரை: நிகழ்பதிவு. வினைத்தொகை, ஆறே எழுத்தில் சிக்கனம், 'நிகழ்கலை' ஏற்கனவே புழக்கத்தில் இருப்பதால் காதுக்கும் புதிதல்ல.

---

> என் பரிந்துரை: நிகழ்பதிவு

சொல் அழகுதான். ஆனால் எதையும் பிரித்துக் காட்டவில்லையே. அந்தக் காலத்து ஸ்டூடியோ சோல் பாட்டுகளிலும் பாடகரும் வாத்தியக்காரர்களும் பெரும்பாலும் ஒன்றாக நின்று, ஒரே நேரத்தில் பாடி வாசித்தார்கள். அதுவும் நிகழ்பதிவுதான். வித்தியாசம் எதிரே இருந்த கூட்டம்.

கிங் நிறுவனர் சிட் நேதன் இந்தப் பதிவுக்குக் காசு தர மறுத்ததும் இதை ஒட்டித்தான். எல்லாம் ஏற்கனவே ஒற்றைத்தட்டாக (சிங்கிள்) வந்த பாட்டுகள், திரும்ப யார் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. பிரவுன் சொந்தப் பணம் 5,700 டாலர் போட்டுப் பதிவு செய்தார். தட்டு அமெரிக்க பில்போர்டு இதழின் ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறி, 66 வாரம் அங்கேயே இருந்தது. பாட்டு பழசு, வாங்கியவர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது அந்த அரங்கம்.

'லாஸ்ட் சம்ஒன்' கேளுங்கள். ஒற்றைத்தட்டில் மூன்று நிமிடச் சொச்சம். இங்கே பத்து நிமிடத்துக்கு மேல். வாத்தியங்கள் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பிரவுன் ஒரு சொல்லை விட்டு நிறுத்துகிறார், அந்த இடைவெளியில் கூட்டத்தின் அலறல் வந்து விழுகிறது. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காததால் நடுவில் ஒலியை மெல்லத் தேயவிட்டு, மறுபக்கத்தில் தொடர வைத்தார்கள். வானொலிக்காரர்கள் ஒரு பாட்டை மட்டும் உருவாமல் பக்கத்தையே முழுசாக ஓட்டினார்கள்.

அரங்கப்பதிவு என்று சொல்லலாமா? கூட்டத்தை நேராகச் சுட்ட வேண்டுமென்றால் அவைப்பதிவு.

---

அவைப்பதிவு என்றதும் சபாநாயகர் "நீக்கப்படுகிறது" என்று சொல்வதுதான் கேட்கிறது! அரங்கப்பதிவிலும் ஒரு வில்லங்கம்: சென்னையில் சினிமாப் பாட்டு பதியும் கூடத்துக்கே 'ரெக்கார்டிங் தியேட்டர்' என்றுதான் பேர். ஸ்டூடியோவுக்கு எதிர்ச்சொல் தேடப் போய் ஸ்டூடியோவுக்குள்ளேயே போய் நிற்போம்.

கச்சேரிப்பதிவு. ஏற்கனவே நாம் சொல்லும் சொல். மேடையும் கூட்டமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கூட்டத்தின் சத்தத்துக்கு 'அவையொலி' என்று தனியே வைத்துக்கொள்வோம். பதிவுக்காரர்களுக்கு அது தனி டிராக், தனித் தலைவலி. அவையொலி மைக் மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருந்தால், மேடைச் சத்தம் அங்கே போய்ச் சேர சுமார் 35 மில்லிசெகண்ட் பிடிக்கும். அப்படியே கலந்தால் ஸ்னேர் டிரம் அடி இரட்டையாக, 'ட-டக்' என்று விழும். அவையொலி டிராக்கை அந்த 35 மில்லிசெகண்ட் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். பாட்டின்போது அவையொலியை அடியோடு இறக்கி, முடிந்ததும் ஏற்றினால் இன்னும் மோசம்: கதவைச் சாத்திச் சாத்தித் திறப்பதுபோல அரங்கம் வந்து வந்து போகும். பாட்டுக்குள்ளும் மெலிதாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

---

> கூட்டத்தின் சத்தத்துக்கு 'அவையொலி'

அவையொலிக்கு என் ஓட்டு. கூடவே போலிக்கும் ஒரு சொல் வேண்டும். பிரவுனின் 1970 'செக்ஸ் மெஷின்' இரட்டைத் தட்டில் முதல் தட்டு ஸ்டூடியோவில் பதிந்தது. எதிரொலியும் கைதட்டலும் பிறகு சேர்த்தவை. 1964இன் 'ப்யூர் டைனமைட்' தட்டிலும் ஒரு பாட்டு அப்படித்தான். ஒட்டுமாங்காய் மாதிரி 'ஒட்டு அவையொலி' என்போம். காது வைத்தால் பிடித்துவிடலாம்: பாடகர் என்ன செய்தாலும் கூட்டம் ஒரே மட்டத்தில் இரைந்துகொண்டிருக்கும், ஒரே விசில் மறுபடி வரும். உண்மையான அவையொலி பாட்டுக்குப் பதில் சொல்லும்.

தொகுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. சோல் பாடகர் சாம் குக்கின் 'ஹார்லெம் ஸ்கொயர் கிளப்' பதிவு (1963 ஜனவரி 12) ஹார்லெமில் நடந்ததல்ல, மயாமியில். ஆர்சிஏ நிறுவனம் அதைக் கிடப்பில் போட்டு 1985இல்தான் வெளியிட்டது. ஆகவே பதிவான ஆண்டையும் வெளிவந்த ஆண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

---

கச்சேரி என்றால் பலருக்குத் தம்புராதான் நினைவுக்கு வரும், அதுதான் உறுத்தல்.

---

மெல்லிசைக் கச்சேரி இல்லாத ஊர்த் திருவிழா உண்டா, அம்மா? சொல் ஏற்கனவே சபாவை விட்டு வெளியே வந்துவிட்டது. ராக்குக்கும் தாங்க வேண்டும்: டெட்ராய்ட் ராக் குழு எம்சி5இன் வேய்ன் கிரேமர் தங்களுக்கு உந்துதல் அப்பல்லோ தட்டுதான் என்றவர், அவர்களது முதல் ஆல்பமே 1968இல் பதிந்த கச்சேரிப்பதிவு. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளுக்கும் பொருந்துகிறது. சோல் பாடகர் டானி ஹாத்தவேயின் 1972 தட்டில் ஒரு பக்கம் ஹாலிவுட் ட்ரூபடூர் கிளப், மறுபக்கம் நியூயார்க் பிட்டர் எண்ட் கிளப். அதில் 'யூ ஹேவ் காட் எ ஃப்ரெண்ட்' பல்லவியைக் கூட்டமே பாடுகிறது. அதைப் பின்பாட்டு என்று எழுதிவிடாதீர்கள். பின்பாட்டு மேடையில் நிற்பவர்களுடையது, அப்பல்லோவில் பிரவுனின் ஃபேமஸ் ஃப்ளேம்ஸ் குழு செய்தது. இது அவைப்பாட்டு.

---

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "ஜேம்ஸ் பிரவுன் 1962இல் பதிந்த கச்சேரிப்பதிவு; அவையொலி ஒட்டல்ல." படிக்க உறுத்தவில்லை. நேரலையை எல்லாப் பக்கங்களிலும் மாற்றிவிடுகிறேன். 'ப்' மிகும், சேர்த்தே எழுதுவோம்.

---

ஒன்றே ஒன்று. இடப்பெயரை 'அப்பல்லோ அரங்கம்' என்று போடுங்கள். 'அப்பல்லோ தியேட்டர்' என்றால் நம் ஊரில் ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும்.