நியூட்ரான் ஆயுள்: 878 நொடியா, 888 நொடியா?

பிளஸ்டூ_வாத்தியார்
தனி நியூட்ரான் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் சிதையும் என்று வகுப்பில் சொன்னேன். "சரியாக எத்தனை நொடி சார்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். தேடினால் 878, 888 என்று இரண்டு விடை வருகிறது. எது சரி? அடிப்படைத் துகள் என்றாலே ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம்தான் என்று நினைத்திருந்தேன், இதை ஏன் அணு உலைகளில் அளக்கிறார்கள்?

கிரெனோபிள்_பழசு
அந்த மாணவிக்கு ஒரு சபாஷ். பிரான்சில் கிரெனோபிள் நகரத்து லாவே-லான்ஜெவன் நிறுவனத்தில் இந்த வேலையில்தான் மூன்று வருடம் இருந்தேன். அங்குள்ள 58 மெகாவாட் உலை மின்சாரம் தருவதில்லை, நியூட்ரானுக்காகவே ஓடுகிறது. செர்னில் மோதவிட்டுப் புதுத் துகளைத் தேடுவார்கள். எங்களுக்கோ நியூட்ரான் எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது.

குளிர்வித்த பிறகும் அது நொடிக்கு 50 மீட்டரில் வரும். அங்கே ஒரு டர்பைன், அதன் இதழ்கள் 25 மீட்டர் வேகத்தில் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். கேட்ச் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பாரே, அதே வித்தைதான். மோதித் திரும்பும்போது வேகம் 5 மீட்டருக்கு இறங்கிவிடும். அதற்குமேல் அது சுவரில் நுழையாது, துள்ளித் திரும்பும். ஒன்றேகால் மீட்டருக்கு மேல் எழும்பவும் முடியாது (v²/2g போட்டுப் பாருங்கள்). மூடியில்லாத பாத்திரமே போதும்! நிரப்பு, உள்ளே வரும் குழாயை அடை, ஐந்து நிமிடம் காத்திரு, திற, மிச்சத்தை எண்ணு. அடுத்த தடவை இருபது நிமிடம். என் இரவு ஷிஃப்டுகள் எல்லாம் இப்படித்தான் கழிந்தன.

இப்படி உயிரோடிருப்பதை எண்ணினால் 878. ஓடும் கற்றையில், சிதைவில் பிறக்கும் புரோட்டானை எண்ணினால் 888.

சந்தேகி
பாத்திரத்தில் கசிவு இருக்கும். சுவர் கொஞ்சம் விழுங்கினால் ஆயுள் குறைவாகத்தானே தெரியும்?

கிரெனோபிள்_பழசு
நாங்களும் அப்படித்தான் சண்டை போட்டோம். ஆனால் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில், நியூட்ரான் சுவரைத் தொடவே முடியாதபடி காந்தங்களால் ஒரு தொட்டி கட்டினார்கள். 2021 முடிவு 877.75 நொடி, பிழை அரை நொடிகூட இல்லை. கசிவு வாதம் அத்தோடு படுத்துவிட்டது.

பிளஸ்டூ_வாத்தியார்
அப்போது மீதிப் பத்து நொடி?

கிரெனோபிள்_பழசு
நூற்றில் ஒரு நியூட்ரான் புரோட்டானே தராமல், கருவிகளுக்குத் தட்டுப்படாத கரும்பொருள் (dark matter) துகளாகச் சிதைகிறதோ என்று 2018இல் ஒரு யோசனை வந்தது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஜப்பானின் ஜே-பார்க் துகள் முடுக்கி ஆய்வகத்தில் கற்றையிலேயே புரோட்டானுக்குப் பதில் எலக்ட்ரானை எண்ணியபோது 877ஐ ஒட்டித்தான் வந்தது. எண்ணும்போது சில புரோட்டான்கள் நழுவுகின்றன என்பது என் ஊகம். பெருவெடிப்புக்குப் பிந்திய முதல் சில நிமிடங்களில் எவ்வளவு ஹீலியம் உண்டானது என்ற கணக்கே இந்த எண்ணை நம்பியிருப்பதால், யாரும் இதை லேசில் விடமாட்டார்கள்.

வகுப்பில் 878 என்று சொல்லுங்கள் சார். பக்கத்தில் 888ஐயும் எழுதிவையுங்கள், அழிக்காமல்.