விழுந்த பாற்பல்லின் வேர் எங்கே போனது?

கேள்வி (ஆசிரியர், கிளிநொச்சி)
தரம் 2 பிள்ளையள் கூரைக்கு எறியாமல் வகுப்புக்குக் கொண்டுவந்த முன்பல்லில் வேரே இல்லை. ‘புதுப்பல் கீழே நின்று தள்ளுது’ என்றுதான் சொல்லிக்குடுக்கிறம். தள்ளினால் வேரோடல்லவா வரவேணும்? நிர்ப்பீடனக் கலங்களுக்கும் இதில் பங்கு உண்டாம், எப்படி?

பதில் 1
வேர் அரிக்கப்பட்டுவிட்டது. கைவில்லையால் பாருங்கோ: முறிந்த விளிம்பு இராது, கரண்டியால் வழித்தமாதிரிக் குழிகுழியாய் இருக்கும். கீழ் முன்பல்லென்றால் நாக்குப் பக்கம்தான் கூடக் கரைந்திருக்கும். நிலைப்பல் முளை கிடப்பது அந்தப் பக்கம்.

முளையைச் சுற்றி ஒரு பை உண்டு. அதன் கலங்கள் சீஎஸ்எஃப்-1, எம்சீபீ-1 என்ற புரதங்களைச் சுரந்து, கிருமி வந்தால் ஓடிவருகிற அதே மொனோசைற்றுகளை (ஒருவகை வெண்குருதிக் கலங்களை) குருதியிலிருந்து கூப்பிடும். வந்தவை ராங்க்-எல் என்ற இன்னொரு புரதத்தின் சைகை கிடைத்ததும் ஒன்றோடொன்று இணைந்து, பல கருக்களுள்ள பெருங்கலமாகும். அது அமிலத்தால் கனியுப்பைக் கரைக்கும், நொதியத்தால் புரதத்தை அறுக்கும். தாடை எலும்பை அரித்தால் புதுப்பல்லுக்கு வழி, பாற்பல் வேரை அரித்தால் பல்லு ஆடும். சீஎஸ்எஃப்-1 இல்லாத சுண்டெலிக்குப் பல் உள்ளே உருவாகும், வெளியே வராது.

பதில் 2
‘தள்ளுது’ என்பதை மறுக்க நல்ல சான்று: 1980களில் நாயின் முன்கடைவாய்ப் பல்முளையை எடுத்து, பையை மட்டும் விட்டு, உள்ளே சிலிக்கோன் பல்லை வைத்தார்கள். அதுவும் வெளியே வந்தது! பையை எடுத்தால் உண்மையான பல்லே வரவில்லை.

கேட்டவர்
அப்ப கீழே நிலைப்பல் இல்லாத பிள்ளைக்குப் பாற்பல் விழாதா?

பதில் 3 (பல் வைத்தியம், வவுனியா)
விழும், ஆனால் வேர் மிக மெதுவாய்த்தான் கரையும். முப்பது வயதிலும் பாற் கடைவாய்ப்பல் நிற்பதுண்டு. ஞானப்பல்லை விட்டால் அடிக்கடி இல்லாமற் போவது கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல். எக்ஸ்ரே பாராமல் அதற்கு மேலே நிற்கிற பாற்பல்லைப் பிடுங்கக் கூடாது.

அரிப்பு விட்டுவிட்டுத்தான் நடக்கும். இடையில் குழிகளைச் சிமெந்தம் (வேரை மூடியிருக்கிற கடின இழையம்) நிரப்பும், அதனால் ஆடின பல்லு திரும்ப இறுகினால் பயப்படாதேங்கோ. நிரப்புவது எலும்பாகிவிட்டால்தான் கரைச்சல்: பல்லு தாடையோடு ஒட்டி, பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்து போகும், தட்டினால் உலோகத்தைத் தட்டினமாதிரிக் கூர்மையான சத்தம் கேட்கும்.

ஒரு பக்க முன்பல் முளைத்து 6 மாதமாகியும் மற்றப் பக்கம் வராவிட்டால் காட்டுங்கோ. எலும்பு நோய்க்குப் பிஸ்பொஸ்பொனேற் எடுக்கிற பிள்ளையென்றால் அதை முதலே சொல்லவேணும். அந்த மருந்து இதே பெருங்கலங்களைத்தான் அடக்குகிறது, பல் பிந்தித்தான் வரும்.