ஃப்ரீபிஎஸ்டியில் தமிழ்99 தட்டச்சு: உதவி தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கும் மண்டபத்தின் பழைய மடிக்கணினியில், உபுண்டு லினக்ஸுக்குப் பதிலாக ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். முதலில் கறுப்புத் திரையில் உள்நுழைவு வரி மட்டுமே தெரிந்தது. இன்டெல் வரைகலை இயக்கியைத் தனியாக நிறுவி, கணினி தொடங்கும்போது படிக்கும் ஆர்சி.கான்ஃப் அமைப்புக் கோப்பில் அதன் பெயரைச் சேர்த்து, என் பயனர் கணக்கை வரைகலை அனுமதி தரும் வீடியோ குழுவில் இணைத்த பிறகே எக்ஸ்எஃப்சிஇ என்ற பணிமேடை திரைக்கு வந்தது. அடிப்படை அமைப்பும் பின்னர் நிறுவும் மென்பொருள்களும் தனித்தனி அடைவுகளில் இருக்கும் ஒழுங்கு மிகவும் பிடித்திருப்பதால், லினக்ஸுக்குத் திரும்ப மனமில்லை.

ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை ஃபயர்பாக்ஸில் நன்றாக இயங்குகிறது. பிள்ளைகள் கட்டுரை எழுதும் லிப்ரெஆஃபிஸில் மட்டும் ஆங்கில எழுத்தே விழுகிறது. எந்த உள்ளீட்டு முறை என்று செயலிகளுக்குச் சொல்லும் சூழல் மாறிகளை, கட்டளை வழியாக வரைகலைத் திரையைத் தொடங்கும்போது படிக்கப்படும் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் எழுதியுள்ளேன். வரைகலை உள்நுழைவுத் திரை வழியாக நுழையும்போது அவற்றை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.