நெல்சன் சாவின் ஹாப்ஸ் முதன்முறை: 20 லிட்டர் பேல் ஏலுக்கு எவ்வளவு, எப்போது?

ஹாரோ_அடுப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்கே ஹாரோவில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பீர் காய்ச்சி வருகிறேன். (இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது.) இதுவரை காய்ச்சிய அத்தனையிலும் கசப்புக்கும் மணத்துக்கும் பீரில் இடும் ஹாப்ஸ் பூக்கூம்புகளில் அமெரிக்கக் கேஸ்கேட் வகையையே நம்பியிருந்தேன். அதன் பம்பளிமாஸ் தோல் வாசனையும், எந்த நிமிடத்தில் எத்தனை கிராம் போட்டால் எப்படி வரும் என்பதும் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டன.

சென்ற வாரம் நண்பர் ஒருவர் நியூசிலாந்திலிருந்து வந்த நெல்சன் சாவின் என்ற வகையில் 100 கிராம் பெல்லட் (ஹாப்ஸை அரைத்து அழுத்திய சிறு துண்டுகள்) பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். பொட்டலத்தின் மேல் ஆல்ஃபா அமிலம் (கசப்பைத் தருவது) 12 சதவீதம் என்றும், கூஸ்பெர்ரி, வெள்ளைத் திராட்சை ஒயின் ஆகியவற்றின் மணம் என்றும் அச்சிட்டிருக்கிறது. ஓரத்தைக் கத்தரித்து முகர்ந்து பார்த்தபோது முதலில் வெங்காயத் தாளைக் கசக்கியது போன்ற ஒரு நெடி வந்தது. சற்றுப் பொறுத்த பிறகே பழ வாசனை தெரிந்தது. பெல்லட் கெட்டுவிட்டதா, அல்லது இந்த வகையின் இயல்பே இதுதானா என்று தெரியாமல், மீண்டும் காற்றுப் புகாமல் மூடி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.

நான் வழக்கமாகச் செய்வது இது: 4.2 கிலோ மாரிஸ் ஓட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), 300 கிராம் கோதுமை மால்ட், 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேர ஊறல், தொடக்க ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, கரைந்த சர்க்கரையின் அளவைக் காட்டும்) 1.049 அளவில், யூ.எஸ்-05 ஈஸ்ட், 19 டிகிரியில் நொதித்தல். ஹாப்ஸைப் பொறுத்தவரை, 60 நிமிடக் கொதிக்கு 25 கிராம், கடைசிப் பத்து நிமிடத்துக்கு 30 கிராம், மீதியை நொதித்த பின் கொதிக்கவைக்காமல் அப்படியே, டிரை ஹாப்பாக இடுகிறேன். கேஸ்கேட் இருந்த இடத்தில் நெல்சன் சாவினை அப்படியே வைக்கலாமா? பொட்டலம் ஒன்றே ஒன்றுதான் இருப்பதால் முதல் முயற்சியிலேயே வீணாக்கிவிடக் கூடாது என்ற கவலையோடு கேட்கிறேன்.

லீட்ஸ்_நிலவறை

அப்படியே வைக்காதீர்கள். கிராம் கணக்கை மறந்துவிட்டு ஆல்ஃபா அமிலக் கணக்குக்கு வாருங்கள். உங்கள் கேஸ்கேட் 6 சதவீதம் என்று கொண்டால், அந்த 25 கிராமும் 30 கிராமும் சேர்ந்து கசப்பைக் கணிக்கும் டின்செத் வாய்பாட்டின்படி ஏறத்தாழ 25 ஐ.பி.யூ. (கசப்பின் அலகு) கசப்பைத் தந்துகொண்டிருந்தன. அதே எடையில் 12 சதவீத ஹாப்ஸைப் போட்டால் கசப்பு இரட்டித்து 50 ஆகிவிடும். 1.049 ஒப்படர்த்தியில் அவ்வளவு கசப்பைத் தாங்கும் மால்ட் இனிப்பு இருக்காது. நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்தது போல நாக்கின் அடியில் தங்கிவிடும்.

நானாக இருந்தால் 100 கிராமை இப்படிப் பிரிப்பேன்: 60 நிமிடத்துக்கு 10 கிராம், பத்து நிமிடத்துக்கு 15 கிராம், அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு ஆறிய பிறகு 35 கிராம், டிரை ஹாப்புக்கு 40 கிராம். முதல் இரண்டும் சேர்ந்து 21 ஐ.பி.யூ. வரும், ஆறும் நேரத்தில் இடுவது இன்னும் சிறிது சேர்க்கும். நீங்கள் பழகிய கசப்பின் அளவிலேயே நிற்பீர்கள், மணம் மட்டும் புதிதாக இருக்கும்.

இன்னொன்று, தண்ணீர். உங்கள் பகுதியில் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டுமல்லவா, அந்தக் காரத்தன்மை ஊறலின் பி.எச். அளவை உயர்த்திக் கசப்பையும் முரடாக்கும். பாதித் தண்ணீரையாவது ஆர்.ஓ. தண்ணீராக மாற்றி, லாக்டிக் அமிலத்தால் பி.எச். 5.3 அருகே கொண்டுவந்து, சிறிது ஜிப்சம் சேருங்கள். பழகிய ஹாப்ஸில் கவனிக்காமல் விட்ட குறை, பழகாத ஹாப்ஸில் அந்த ஹாப்ஸின் குறையாகவே தோன்றும்.

வெலிங்டன்_காற்று

வணக்கம் தம்பி. வெலிங்டனில் குடியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன, இந்த ஹாப்ஸோடு நெடுநாள் பழக்கம் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். வெங்காயத் தாளின் நெடி இலேசாக வந்து, பின்னால் பழ வாசனை எழுந்தால் பெல்லட் நன்றாகத்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். பழைய பாலாடைக்கட்டி அல்லது வியர்வைச் சட்டை போன்ற வாடை வந்தால்தான் ஹாப்ஸ் காற்றுப் பட்டு முதிர்ந்துவிட்டது என்று பொருள். இந்த வகையின் தனித்தன்மைக்குக் காரணமே கந்தகம் கலந்த தையோல் எனப்படும் சேர்மங்கள்தாம். ஜப்பானின் சப்போரோ நிறுவனத்து ஆய்வாளர்கள் 2009-இல் நெல்சன் சாவினிலிருந்து இரண்டு புதிய தையோல்களைப் பிரித்துக் காட்டினார்கள். சாவினியோன் பிளாங்க் திராட்சை ஒயினின் மணத்துக்கும் இதே குடும்பத்துச் சேர்மங்கள்தாம் காரணம். 2000-இல் இந்த வகையை வெளியிட்டபோது அந்தத் திராட்சையின் பெயரையும் நெல்சன் வட்டாரத்தின் பெயரையும் சேர்த்து வைத்ததற்கு இதுவே அடிப்படை. தையோல்கள் மிக நுண்ணிய அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். செறிந்து நிற்கும்போது வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று தோன்றுவது, பீரில் கரைந்து நீர்த்தபின் பழமாக மாறிவிடும்.

அடுத்து, பொட்டலத்தில் உள்ள ‘கூஸ்பெர்ரி’ என்ற சொல்லால் நம்மவர்கள் பெரும்பாலோர் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அகராதி நெல்லிக்காய் என்று சொல்லிவிடுகிறது. நாமும் நெல்லியின் துவர்ப்பையும் பின்னால் வரும் இனிப்பையும் எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறோம். இங்குள்ள கூஸ்பெர்ரி வேறு செடி, நம் நெல்லிக்கு உறவே இல்லை. மெல்லிய தோலுள்ள, உள்ளே விதைக்கூழ் நிறைந்த, முள்செடியில் காய்க்கும் ஒரு புளிப்புப் பழம் அது. ஆகவே பொட்டலத்தின் சொற்களை ஒதுக்கிவிட்டு உங்கள் மூக்குக்கு என்ன தெரிகிறது என்பதையே எழுதிவையுங்கள். நம் நாவறிந்த பெயர்களில் எழுதினால்தான் அடுத்த முறை அது உங்களுக்குப் பயன்படும்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஹாப்ஸ் மணம் அதிகம் இல்லாத சாதாரண லாகர் பீர், 330 மில்லி, இரண்டு பாட்டில் வாங்குங்கள். நன்றாகக் குளிரவைத்துத் திறந்து, ஒரு வாய் அளவு கொட்டிவிட்டு, ஒன்றில் நெல்சன் சாவினும் மற்றொன்றில் உங்கள் கேஸ்கேடும் தலா 0.7 கிராம் இட்டு, உடனே புது மூடி போட்டு அழுத்திவிடுங்கள். குளிராக இல்லாவிட்டால் நுரை பொங்கி வழிந்துவிடும். மூன்று நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து முகர்ந்து பாருங்கள். லிட்டருக்கு 2 கிராம் என்ற அந்த அளவு, 20 லிட்டருக்கு 40 கிராம் டிரை ஹாப் இடுவதற்குச் சமம். ஒன்றரை கிராமுக்கும் குறைவான செலவில் முழுக் காய்ச்சலின் மணத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வீர்கள்.

ஒரு மார்ச் மாதம் நெல்சனுக்கு அருகே உள்ள மொட்டுவேக்காவில் அறுவடை நடக்கும் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு உயரமுள்ள கம்பிகளில் கொடிகள் சுற்றி ஏறியிருந்தன. ஒரு கூம்பை இரண்டாகப் பிளந்தபோது, இதழ்களின் அடியில் மகரந்தம் போல மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது, அதுதான் லுபுலின். உள்ளங்கையில் தேய்த்ததும் பிசின் போல ஒட்டிக்கொண்டது. முதலில் உங்களுக்கு வந்த அதே நெடி, ஒரு நிமிடம் கழித்துப் பச்சைத் திராட்சை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் இரவுச் சோறு பிசையும்போது கையில் அந்த வாசனை இருந்தது. உலர்த்தி, அரைத்து, பெல்லட்டாக்கி, உறைபெட்டியில் வைப்பது எல்லாம் அந்தத் தூளைக் காற்றிலிருந்து காப்பதற்காகத்தான். நீங்களும் மீதமானதைத் திறந்த பொட்டலத்தில் விட்டுவைக்காதீர்கள்.

லீட்ஸ் நண்பரின் பங்கீடு எனக்கும் உடன்பாடே. இதற்கு மேல் கேரமல் மால்ட் எதையும் சேர்க்காமல் மால்ட்டை எளிமையாகவே வைத்திருங்கள். புதிய ஹாப்ஸ் பேச வேண்டிய இடத்தில் வேறு குரல் குறுக்கிட வேண்டாம்.

மூன்றாம்_கொதி

60 நிமிடக் கொதிக்கு இவ்வளவு அரிய ஹாப்ஸை ஏன் செலவழிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஒரு மணி நேரம் கொதித்தால் எண்ணெய்கள் எல்லாம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டுமே மிஞ்சும். அதற்கு மேக்னம் என்ற கசப்பு வகை ஹாப்ஸ் போதும். விலை குறைவு, கசப்பும் தூய்மையானது. மிச்சமாகும் 10 கிராமை 80 டிகிரியில் இடும் பங்கோடு சேர்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமாக ஓர் எச்சரிக்கை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒப்படர்த்தி 1.011-இல் இரண்டு நாள் நின்றுவிட்டதால் நொதித்தல் முடிந்தது என்று எண்ணி டிரை ஹாப் இட்டு, மூன்றாம் நாளே பாட்டிலில் அடைத்தேன். இரண்டு வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்ததும் முக்கால் பங்கு பீர் சமையலறைக் கூரை வரை பீறிட்டது. வாயுவை வெளியேற்றிவிட்டு அளந்தால் 1.007. ஹாப்ஸில் மிகச் சிறிய அளவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. ஈஸ்ட்டால் உண்ண முடியாமல் எஞ்சியிருந்த டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை அவை சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க, ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல; 1893-இலேயே இங்கிலாந்தில் பிரவுன், மாரிஸ் என்ற இருவர் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒப்படர்த்தி 0.001 இறங்கினால் பாட்டிலுக்குள் பீரின் கனஅளவில் ஏறத்தாழ அரைப் பங்கு கரியமில வாயு கூடும். எனக்கு இறங்கியது 0.004, பாட்டிலில் இட்ட சர்க்கரை தரும் வாயுவுக்கு மேல் இரண்டு பங்கு கூடியது. கண்ணாடி வெடிக்காதது நல்ல காலம்.

ஆகவே டிரை ஹாப் இட்ட பிறகு நொதிகலனைக் குளிரவைக்காமல் 19 டிகிரியிலேயே வைத்து, ஒப்படர்த்தியை அளந்து, இரண்டு நாள் இடைவெளியில் மீண்டும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடையுங்கள்.

லீட்ஸ்_நிலவறை

மேக்னம் கைவசம் இருந்தால் அப்படியே செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆல்ஃபா அமிலங்களில் முரட்டுக் கசப்பைத் தருவதாகச் சொல்லப்படும் கோஹ்யூமுலோன் நெல்சன் சாவினில் ஏறத்தாழ 24 சதவீதம்தான். கசப்பு மென்மையாகவே இருக்கும். ஒரே ஹாப்ஸில் ஒரு காய்ச்சலாவது முழுமையாகச் செய்து பார்ப்பது, அதன் கசப்பையும் சேர்த்து அறிந்துகொள்ள உதவும். கசப்புக்கு ஒன்றும் மணத்துக்கு ஒன்றும் கலந்துவிட்டால், எது எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஹாரோ_அடுப்பு (ஒன்பது வாரங்களுக்குப் பிறகு)

நேரம் ஒதுக்கி எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

முதலில் லாகர் சோதனை. நகை நிறுக்கும் சிறு தராசில் நிறுத்து இட்டேன். நான்கைந்து பெல்லட்தான் வந்தது. மூன்றாம் நாள் எந்தக் கோப்பையில் எது என்று சொல்லாமல் மனைவியிடம் கொடுத்தேன். கேஸ்கேடைப் பழைய வாசனை என்று உடனே ஒதுக்கிவிட்டார். மற்றொன்றை இருமுறை முகர்ந்துவிட்டு, மாங்காயைக் காம்போடு ஒடிக்கும்போது வடியும் பாலின் வாசனை என்றார். வெலிங்டன் அக்கா சொன்னபடி அதையே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்த ஒரு வரிக்குப் பிறகு பொட்டலத்தில் அச்சிட்டிருந்ததை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காய்ச்சியது லீட்ஸ் நண்பரின் பங்கீட்டில், மேக்னம் இல்லாமல். சோதனைக்கு எடுத்ததை டிரை ஹாப்பிலிருந்து கழித்துக்கொண்டேன். பாதி ஆர்.ஓ. தண்ணீர். தொடக்கம் 1.049, நொதித்தபின் 1.011. டிரை ஹாப் இட்ட மூன்றாம் நாள் 1.010, ஐந்தாம் நாள் 1.009, ஏழாம் நாளும் 1.009. மூன்றாம் நாள் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அன்றே அடைத்திருப்பேன்.

மூன்றாம் வாரம் திறந்த பாட்டிலில் திராட்சையும் அந்த மாங்காய்ப் பாலும் தெளிவாக இருந்தன, வெங்காய நெடி அறவே இல்லை. கசப்பு என் கேஸ்கேட் ஏலைவிட வறட்சியாக, ஒயினைப் போல முடிந்தது. இரண்டாம் கோப்பையில்தான் அது பிடித்துப்போயிற்று. ஏழாம் வாரத்தில் அறை வெப்பத்தில் இருந்த பாட்டில்களில் மணம் பாதியாகக் குறைந்துவிட்டது. குளிர்பெட்டியில் வைத்தவை அப்படியே இருக்கின்றன. பத்து நிமிடத்தில் இட்ட 15 கிராம் மணத்துக்குப் பெரிதாக எதையும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த பொட்டலத்துக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் அந்த 15 கிராமை 80 டிகிரிக்கு மாற்றி, குறையும் கசப்புக்கு 60 நிமிடப் பங்கை 15 கிராமாக உயர்த்தி, மற்ற எதையும் தொடாமல் காய்ச்சப் போகிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இந்தக் காய்ச்சலில் ஐந்து பாட்டில்களைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.